எந்த ஃபேர்வியூ?

மைக்கைக் கண்டால் பயப்படுகிறவர்களால் யாருக்கும் ஆபத்தில்லை. மைக் கையில் கிடைத்துவிட்டால் திருப்பித் தர மனம் வராதவர்கள்தான் ஆபத்தானவர்கள். எங்கள் ஊரான எரியோட்டில் அப்படிப்பட்டவள் ஒரே ஒருத்திதான். கல்லூரிப் பேச்சுப் போட்டியில் ஆறுதல் பரிசு வாங்கிய நான். (மூன்று பேர் கலந்துகொண்ட போட்டி என்பது இங்கே தேவையில்லாத விவரம்.)

அப்போது நான் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. அமெரிக்காவில் வேலை பார்த்த என் அண்ணன் சரவணன், ரேச்சல் என்ற பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னான். வீட்டில் சில நாள் அடுப்பு மட்டும்தான் எரிந்தது, பேச்சில்லை. பிறகு ரேச்சல் வீடியோவில் வந்து, "சாப்டீங்களா அத்தை?" என்று கேட்டாள். அம்மா அன்றைக்கே கட்சி மாறிவிட்டார். அப்பாவும் பின்னாலேயே போய்விட்டார். மசியாதவர் அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா. அவர் தலையசைக்காமல் எங்கள் குடும்பத்தில் காதுகுத்துகூட நடக்காது.

"ஊரு என்ன, நாடு என்னன்னு தெரியாம எப்படிறா பொண்ணெடுக்கிறது?" என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. (அவரைப் பொறுத்தவரை கரூரைத் தாண்டினாலே கொஞ்சம் சந்தேகத்துக்குரிய பிரதேசம்.)

நிச்சயதார்த்தத்துக்கு ரேச்சல் தன் அப்பா அம்மாவோடு வருவதாக முடிவானது. மேடையில் அவர்களை வரவேற்று, அவர்கள் ஊரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லி, பெரியப்பாவின் வாயை அடைக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"ஃபேர்வியூன்னு சின்ன ஊருடி. நம்ம ஊரு மாதிரிதான். அது வந்து..."

"போதும்ணே, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்று வைத்துவிட்டேன்.

இணையத்தில் தட்டியதும் வந்தது ஃபேர்வியூ. வரலாறு, நிலவியல், மக்கள்தொகை என்று தனித்தனித் தலைப்புகள். அத்தனையையும் மனப்பாடம் செய்தேன். "வெஞ்சனத்துக்கு வெங்காயம் உரிச்சுக் குடுடி" என்று அம்மா கூப்பிட்டால், "நான் நிலக்கரிச் சுரங்கத்துல இருக்கேன்ம்மா" என்று பதில் சொல்லும் அளவுக்கு அந்த ஊருக்கே குடிபோய்விட்டேன்.

நிச்சயதார்த்த நாளில் மண்டபம் நிரம்பி வாசல்வரை கூட்டம். வெள்ளைக்கார சம்பந்தியைப் பார்க்க எரியோடே வந்திருந்தது. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம், தமிழில் ஒரு வாக்கியம் என்று முழங்க ஆரம்பித்தேன்.

"மூன்று பக்கம் மலை, ஒரு பக்கம் பேராறு! நிலக்கரியால் பிறந்த ஊர் ஃபேர்வியூ! சுரங்கம் மூடியபோது மக்கள்தொகை பாதியாகக் குறைந்தது! பெருவெள்ளம் வந்து பாலத்தையே அடித்துச் சென்றது!"

கூட்டம் 'உச்' கொட்டியது. அத்தைமார்கள் ரேச்சலின் அம்மாவை இரக்கத்தோடு பார்த்தார்கள். அவர் தன் கணவரைப் பார்த்தார். கணவர் கூரையைப் பார்த்தார். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்கள் என்று நினைத்து நான் குரலை இன்னும் உயர்த்தினேன்.

"அந்தப் பாலம் போனபோது உங்கள் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்!"

ரேச்சலின் அப்பா டேவ், வகுப்பில் பையன் கை தூக்குவதுபோல மெதுவாகக் கையைத் தூக்கினார். தங்கள் ஊரில் ஆறே கிடையாது என்றார். மலையும் இல்லையாம். சுரங்கத்தை அவர் தன் வாழ்நாளில் பார்த்ததே இல்லையாம்.

அண்ணன் மேடைக்கு ஓடிவந்தான். "லூசு! அமெரிக்காவுல எங்க திரும்பினாலும் ஒரு ஃபேர்வியூ இருக்குடி! நீ எந்த ஃபேர்வியூவச் சொல்ற?"

காதோரம்தான் சொன்னான். ஆனால் மைக் என் வாயருகே இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது.

பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "நிறுத்துங்கப்பா. பொண்ணு எந்த ஊருன்னு நமக்கே இன்னும் தெளிவா தெரியல. அதுக்குள்ள தட்டு மாத்துறதா?"

அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. பட்டுச்சேலையில் நின்றிருந்த ரேச்சலுக்குத் தமிழ் முழுதாகப் புரியாவிட்டாலும் குரல் புரிந்தது. அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் எனக்கு அப்படியே மேடைப் பலகைக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

டேவ் மேடையேறி என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். (என்னிடமிருந்து மைக் வாங்கிய முதல் மனிதர்.) அவர் பேசப் பேச அண்ணன் தமிழில் சொன்னான்.

"மைக் பிடிச்ச இந்தச் சின்னப் பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க. எங்க ஊரப் பத்திப் படிக்கணும்னு இதுவரைக்கும் யாருமே நெனச்சதில்ல. எங்க முன்னோர் ஒருத்தர் வேற எங்கயோ போறப்ப வண்டிச் சக்கரம் உடைஞ்சு அங்கயே தங்கிட்டாரு. அதான் வரலாறு. ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், சுத்தி வெறும் சமவெளி. ஃபேர்வியூன்னா நல்ல காட்சின்னு அர்த்தம். அங்க பாக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல. போருல தண்ணி வருசா வருசம் கீழ போகுது. பிள்ளைங்க படிச்சுட்டு வெளியூரு போயிருதுங்க. நாங்க மக்காச்சோளம் போட்டுக்கிட்டு அங்கயே இருக்கோம்."

பெரியப்பா காதைத் தீட்டினார். "மக்காச்சோளமா? ஏலே சரவணா, படைப்புழு உண்டான்னு கேளு!"

அண்ணன் கேட்டான். டேவ் பெருமூச்சு விட்டார். அந்தப் புழு தங்கள் கண்டத்திலிருந்துதான் உலகமெல்லாம் கிளம்பியது, அதற்காக வருந்துகிறேன் என்றார்.

"அப்ப நெசமாவே அங்கருந்துதான் வாராக" என்று பெரியப்பா உட்கார்ந்துவிட்டார்.

மண்டபம் மூச்சு விட்டது. டேவ் என் பக்கம் திரும்பி, "இப்ப உங்க ஊரப் பத்திச் சொல்லும்மா" என்று மைக்கை நீட்டினார்.

வாயைத் திறந்தேன். யாரோ ஒருவருடைய ஊரின் நிலக்கரி அத்தனையும் நாக்கு நுனியில் இருந்தது. பிறந்து வளர்ந்த எரியோட்டைப் பற்றிச் சொல்ல ஒரு வரி இல்லை!

ஆனால் கூட்டம் சும்மா இருக்குமா?

"கரூர் லைன்ல நமக்குன்னு ஒரு ஸ்டேஷன் இருக்குன்னு சொல்லு தாயி!"

"மழை ஏமாத்துனாலும் வெதைக்காம விட்டதில்லன்னு சொல்லு!"

ஊருக்கு ஏன் இந்தப் பெயர் வந்தது என்று இரண்டு மாமாக்கள் இரண்டு கதை சொல்லிச் சட்டையைப் பிடிக்காத குறை. மக்கள்தொகை என்னவென்று அண்ணன் கேட்டதும் பந்தியிலிருந்து ஓர் அத்தை, "பாதிப் பேரு இங்கனதான் சாப்புட்டுக்கிட்டு இருக்கோம், எண்ணிக்கிறச் சொல்லு!" என்றார். கடைசியில் பெரியப்பாவே மைக்கைப் பிடுங்கி, "சம்பந்தி, வெயிலு மட்டும் கொஞ்சம் கூட. மத்தபடி எங்க ஊரு மாதிரி எங்கயும் கெடையாது" என்றார். கைதட்டல் அடங்கவில்லை. அவமானத்தில் கூனிக்குறுகி நின்ற நானும் தட்டினேன். என் ஊர் இவ்வளவு சத்தமாகப் பேசி அதுவரை நான் கேட்டதில்லை.

தட்டு மாற்றினார்கள். மறுநாள் காலை பெரியப்பாவும் டேவும் எங்கள் மக்காச்சோளக் காட்டில் குத்தவைத்து, குருத்தைப் பிரித்துப் புழுவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் தமிழில் திட்டினார், அவர் ஆங்கிலத்தில் திட்டினார். புழுவுக்கு இரண்டும் புரிந்திருக்கும்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் நான் எதையாவது அடித்துச் சொன்னால், "அது எந்த ஃபேர்வியூல?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். என் கல்யாணத்துக்கு டேவ் குடும்பத்தோடு வந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க மைக் பிடித்த பெரியப்பா, வணக்கம்கூடச் சொல்லாமல் முதலில் என் கணவரைத்தான் கேட்டார்:

"மாப்ள, உங்களுக்கு ஊரு தாடிக்கொம்புதான? அது ஒண்ணுதான இருக்கு?"

அண்ணன் மொழிபெயர்ப்பதற்கு முன்பே டேவ் சிரித்துவிட்டார்.