ரெண்டாம் பாகமும் ஈரப் போர்வையும்

பேசாதவன் பேசாமலே இருந்துவிட வேண்டும். இடையில் திடீரென்று பேசினால் ஊருக்கு ஆகாது. அனுபவத்தில் சொல்கிறேன்.

எனக்கு ஊர் எம். புதுப்பட்டி. பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றுகிற வேலை. படிப்பு கொஞ்சம், பேச்சு அதைவிடக் கொஞ்சம். ஒருநாள் நான் கம்பெனி வேனுக்குள் உட்கார்ந்திருக்கும்போதே, என்னைக் காணோம் என்று டிரைவர் என் வீட்டு வாசலில் நின்று ஹாரன் அடித்தார். (அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை.)

இதனால் பொண்ணு அமையவில்லை. பார்த்த வீட்டிலெல்லாம், "மாப்பிள்ளைக்குப் பேச்சு வருமா?" என்று அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கடைசியாக ஆமத்தூரில் ஒரு இடம் வந்தது. பொண்ணு ரோஸ்லின். விருதுநகரில் நர்ஸ். அப்பா வாத்தியார். போட்டோவைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

பஸ்ஸில் அக்கா சொன்னாள்: "ஏலே, இதுவும் போச்சுன்னா இனிமே உனக்காக நான் எந்த வீட்டுப் படியும் ஏற மாட்டேன். கேட்டதுக்கு வாயத் தொறந்து பதில் சொல்லு. மண்டைய ஆட்டாத."

ஆட்டினேன்.

"இந்தா, இதத்தாம்லே சொல்லுதேன்!"

வாத்தியார் வீட்டில் காராச்சேவு வைத்தார்கள். ரோஸ்லின் அடுப்படியில் இருந்தாள். நடுவில் ஒரு திரை.

"கம்பெனி வேலையெல்லாம் எப்படிப் போகுது?" என்றார் வாத்தியார்.

"போகுது."

அக்கா என் காலை மிதித்தாள். பேசு என்று அர்த்தம்.

"பொழுதுபோக்கு ஏதும் உண்டா?"

"படம் பாப்பேன்."

"பிடிச்ச படம்?"

அங்கேதான் வினை. எனக்கு உலகத்தில் ஒரே ஒரு விஷயத்தில் கருத்து உண்டு. அது ஒரு முகமூடிக்காரன் படம். வெளிநாட்டுக்காரன் எடுத்தது, தமிழில் பேசும். அதிலும் ரெண்டாம் பாகம். சிவகாசியில் அந்தப் படத்தைத் தூக்கும்வரை பார்த்தேன்.

"ரெண்டாம் பாகம் மாதிரி வராதுய்யா."

"அப்படி என்ன அதுல?"

மரியாதைக்குக் கேட்டார். எனக்கு அது தெரியவில்லை.

"மொதப் பாகத்துல அவனுக்குப் பயமே கிடையாது. எல்லாரையும் அடிக்கான். அதுல என்ன இருக்கு? ரெண்டாவதுல நெருப்புல கையச் சுட்டுக்கிடுதான். அதுக்குப் பெறகு தீக்குச்சியப் பாத்தாலே கை நடுங்குது. ஆனாலும் உள்ள போறான். பயந்தவன் போறதுலதாம்ய்யா பெருமை இருக்கு."

வாத்தியார் சேவை வாயில் போடாமல் பார்த்தார். அக்கா வாயைப் பிளந்தாள். நானே என் குரலை அவ்வளவு நேரம் கேட்டதில்லை. நன்றாக இருந்தது.

"குறையும் இருக்குய்யா. வில்லன் சாகதுக்கு முன்னாடி பேசுதான் பேசுதான், அதுக்குள்ள நாங்க ஒரு லாரிக்கு லோடு ஏத்திருவோம். ஆனா எல்லாத்தையும் விட மோசம் அந்த நர்ஸ் பொண்ணு. எல்லாரும் வெளிய ஓடுதாக, அவ மட்டும் உள்ள ஓடுதா. எந்தப் பொண்ணுய்யா அப்படி ஓடும்? சுத்தப் பொய்."

அக்கா காலை மிதித்தாள். நிறுத்து என்று அர்த்தம். நான் இன்னும் பேசச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். எழுந்து நின்றேன்.

"சரக்கு அடைச்ச கிட்டங்கி சீன்தான் உசுரு. தீ பரவுது. கை நடுங்குது. அப்படியே நிக்கான். நின்னு ஒரு சத்தம் குடுப்பான் பாருங்க..."

கையை விரித்தேன். லாரிக்குப் பின்னால் நின்று டிரைவருக்குச் சத்தம் கொடுத்துப் பழகிய தொண்டை.

"ஓடுங்க! எல்லாரும் வெளிய ஓடுங்க! வெடிக்கப் போகுது!"

எங்கள் பக்கத்தில் இந்தச் சத்தம் கேட்டால் எங்கே, எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். கால்தான் முதலில் கேட்கும். பட்டாசு ஊர்கள். ஏன் என்று எல்லாருக்கும் தெரியும். அதை இங்கே எழுதவில்லை.

வாத்தியார் ஓடினார். அவர் சம்சாரம் ஓடினார். கதையை முதலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் அக்காவும் ஓடினாள். பக்கத்து வீடு ஓடியது. எதிர் வீடு ஓடியது. டீக்கடை பெஞ்சு காலியானது.

நான் மட்டும் கையை விரித்தபடி நின்றேன்.

திரை விலகியது. ரோஸ்லின் சொட்டச் சொட்ட நனைந்த போர்வையோடு உள்ளே பாய்ந்தாள். என் தலையோடு போட்டு மூடினாள்.

"கீழ படுங்க! உருளுங்க!"

உருண்டேன். (சொன்னதைச் செய்வேன்.) தேய்த்துப் போட்ட வெள்ளைச் சட்டை.

"எங்கன தீ? யாருக்கு என்ன?"

போர்வைக்குள்ளிருந்து சொன்னேன்: "படத்துல."

அவள் போர்வையின் ஓரத்தைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள்.

ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. தெருவில் ஒரு கிழவர் என்னை வைத வசவை இன்னும் மறக்கவில்லை. அவர் வைதது நியாயம். வாத்தியார் ஒற்றைச் செருப்போடு வந்தார். மூச்சு வாங்கியது. அக்கா அதற்குள் பையை எடுத்துக் கக்கத்தில் வைத்துவிட்டாள்.

"இந்தச் சம்பந்தம்..." என்று ஆரம்பித்தார் வாத்தியார்.

"அப்பா, நீங்க எதுவரைக்கும் ஓடுனீக?" என்றாள் ரோஸ்லின்.

"மாதா கோயில் முக்கு வரைக்கும்."

"நான் எங்கன இருந்தேன்?"

வாத்தியார் குனிந்து தன் காலைப் பார்த்தார். ஒன்றில் செருப்பு இல்லை.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க ஏன் ஓடல?"

"சத்தம் போட்டது நாந்தான?"

"அந்த நர்ஸ் சீன் சுத்தப் பொய்யின்னீகளே?"

போர்வையிலிருந்து தண்ணீர் என் மூக்கு வழியாக இறங்கியது. யோசித்தேன்.

"இல்ல. சரியாத்தான் எடுத்திருக்கான்."

அவள் சடாரென்று அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்தேன். அழவில்லை.

அடுத்த வாரம் சம்மதம் என்று சொல்லி அனுப்பினார்கள். கல்யாணத்துக்கு மைக் வைக்க வேண்டாம் என்று வாத்தியார் தனியாகச் சொல்லிவிட்டார். மூன்றாம் பாகம் வந்தது. ரோஸ்லினோடு போனேன். அதில் நர்ஸ் இல்லை. படம் தேறவில்லை.

போன கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு வீடு நிறைய ஆள். குழம்பில் உப்பு பத்தவில்லை. கேட்கலாம் என்று தொண்டையைச் செருமினேன்.

மாமனார் எழுந்து போய்ச் செருப்பை மாட்டினார். ரெண்டு காலுக்கும்.