பெடல் டிராக்டரில் பல் டாக்டர்

பல் டாக்டரின் வலது முழங்கால் ஸ்டீயரிங்குக்கு அடியில் மாட்டிக்கொண்ட நேரத்தில், பழைய பொம்மை வாகனச் சங்கத்தின் தலைவர் அவர் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்.

டிராக்டர், ஐந்து வயதுப் பிள்ளைகள் மிதித்து ஓட்டுவது. சிவப்பு. டாக்டரைவிட வயதில் மூத்தது. மேலே இருப்பது தொழிற்சாலையில் அடித்த அதே பெயின்ட் என்பதால், மூச்சுக்காற்றுகூடப் படாமல் வைத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவரைச் சங்கத்தில் சேர்ப்பதா என்று தலைவர் முடிவு செய்வார். வருடக்கணக்கில் பிடிகொடுக்காத மனிதர், இன்று காலை திடீரென்று போன் செய்து, "இன்னைக்கே வர்றேன்" என்று சொல்லிவிட்டார்.

சங்கத்துக்கு ஒரே விதி. சேகரிப்பவர் வண்டியில் உட்காரக் கூடாது. உட்கார்ந்த இரண்டு பேரைத் தலைவர் நீக்கியிருக்கிறார். அதில் ஒருவர் அவருடைய சொந்தத் தம்பி.

"ஏங்க உட்கார்ந்தீங்க?" என்றாள் மனைவி.

"பின்சக்கரம் கிறீச்சுன்னுச்சு. எந்தச் சக்கரம்னு பார்க்கணும்ல? ஆள் உட்கார்ந்தாதான் சத்தம் தெளிவாக் கேட்கும்."

"எந்தச் சக்கரம்?"

"இடது."

"நல்லது. தெரிஞ்சிடுச்சு."

சமையலறையிலிருந்து எண்ணெய் கொண்டுவந்தாள். "கொஞ்சம்கூட வலிக்காது" என்றாள். நோயாளிகளிடம் டாக்டர் தினமும் சொல்வதுதான். அவர்களைப் போலவே அவரும் நம்பவில்லை.

எண்ணெய் வழிந்தது. முழங்கால் அசையவில்லை. பானெட்டில் இருந்த ஸ்டிக்கர் அசைந்தது. மெதுவாக நழுவி வந்து டாக்டரின் தொடையில் ஒட்டிக்கொண்டது.

"ஐயோ, அது கம்பெனி ஸ்டிக்கர்!"

"இப்ப உங்க பேன்ட் ஸ்டிக்கர். ஆடாம இருங்க."

மாடியிலிருந்து மனைவியின் தம்பி வரவழைக்கப்பட்டான். லிஃப்ட் மெக்கானிக்.

"லிஃப்ட்ல மாட்டுன முழு ஆளையே எடுத்திருக்கேன் மாமா. ஒரு முழங்கால் என்ன பெரிய விஷயம்?"

ஸ்டீயரிங்கை ஒரு திருப்பு திருப்பினான். இடது முழங்காலும் மாட்டிக்கொண்டது.

"மாமா, பேசாம ஸ்டீயரிங்கை அறுத்துடலாமா?"

"காலை அறுடா" என்றார் டாக்டர். விளையாட்டாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

அக்காளும் தம்பியுமாக அவரைத் தூக்கினார்கள். டிராக்டரும் கூடவே வந்தது. இறக்கினார்கள். கிறீச் என்றது.

"இடதுதான்" என்றான் மைத்துனன்.

தெருவில் தலைவரின் வேன் திரும்பும் சத்தம். வேறு வழியில்லாமல் அவரை வண்டியோடு உருட்டிப்போய், முன்னறை கிளினிக்கில் மேசைக்குப் பின்னால் நிறுத்தினார்கள். இடுப்பிலிருந்து தரைவரை போர்வை. மேசைக்கு மேலே மூக்கும் கண்ணாடியும் மட்டும் தெரிந்தன.

"எந்திரிக்கலைன்னா மரியாதையா இருக்காதே!"

"இடுப்புப் பிடிப்புன்னு சொல்லுங்க" என்றாள் மனைவி.

"சரி. டிராக்டர் எங்கேன்னு கேட்டா?"

இந்த யோசனை யாருக்குமே வந்திருக்கவில்லை.

"இங்கதான் பக்கத்துல இருக்குன்னு சொல்லுங்க மாமா. பொய்யும் இல்ல."

வாசலில் வேன் நின்றது. கதவு திறக்கும் சத்தம். பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. போர்வைக்குள் பெடல் டக் டக்கென்று அடித்துக்கொண்டது. சொந்தத் தம்பியையே நீக்கியவர், தன்னை வாசலிலேயே நீக்கிவிடுவாரோ?

டிரைவர் மட்டும் உள்ளே வந்தார். போர்வையைக்கூடக் கவனிக்கவில்லை. வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மேசைமேல் குனிந்தார்.

"தலைவர் வரலையா?" என்றார் டாக்டர், ஈனசுவரத்தில்.

"வந்திருக்காரு டாக்டர், வேனுக்குள்ளதான் இருக்காரு. காலையில அவரோட பச்சை டிராக்டர்ல உட்கார்ந்தவரு இன்னும் எந்திரிக்கல. நீங்க டாக்டராச்சே, வெளிய சொல்ல மாட்டீங்கன்னு நம்பித்தான் இங்க ஓட்டச் சொன்னாரு."