லிப்டுக்கு வைத்த எலுமிச்சம்பழம்

உத்திரமேரூர்,
மார்கழி மாசம், வெள்ளிக்கிழமை

மரியாதைக்குரிய வேதகிரி மச்சானுக்கு, உங்கள் தங்கை பரிமளாவைக் கட்டியவன் பஞ்சாட்சரம் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் உங்கள் மருமகள் நதியாவும், நான் ஓட்டுகிற முதலாளி வீட்டு டிராக்டரும் நல்லபடியாக இருக்கிறோம். அங்கே வாலாஜாபாத்தில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும், நீங்கள் மெக்கானிக்காக இருக்கும் ரைஸ் மில்லும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். உங்கள் மேல் எனக்கு வருத்தம் இருக்கிறது, ஆனாலும் இதை மனதாரத்தான் எழுதுகிறேன்.

இந்தக் காலத்தில் எவன் கடுதாசி போடுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் என்னை பிளாக் செய்துவிட்டீர்கள், வேறென்ன செய்வது. நான் பெற்ற பெண் நதியா ஹெல்மெட் போட்டுக்கொண்டு நிற்கிற போட்டோவைத் தாய்மாமனுக்குக் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அனுப்புவது குற்றம் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. போஸ்ட்மேனை பிளாக் பண்ண முடியாது என்பதால் இந்த வழியாக வருகிறேன். கோபப்படாமல் முழுசாகப் படியுங்கள்.

முதலில் பழைய கதை. நதியா ஐடிஐயில் எலக்ட்ரீசியன் முடித்ததும் நேராக உங்களிடம்தான் அழைத்து வந்தேன். உங்கள் கையில் ஒரு வருஷம் மில்லில் வேலை பழகட்டும் என்று எவ்வளவு ஆசையாகக் கேட்டேன். நீங்கள் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "பொம்பளப்புள்ளைக்கு மில்லுல இன்னா வேல பஞ்சாட்சரம், பெல்ட்டுல துப்பட்டா மாட்டிக்கினா யாரு பதில் சொல்றது, காலாகாலத்துல மண்டபத்துக்கு அனுப்பி வெக்கிற வழியப் பாரு" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து ஒரு மாப்பிள்ளை போட்டோவையும் எடுத்து நீட்டினீர்கள். அவள் அதை வாங்கி உற்றுப் பார்த்ததும் உங்களுக்கு ஒரே சந்தோஷம். அவள் பார்த்தது மாப்பிள்ளையை இல்லை. பின்னால் சுவரில் ஒயர் தொங்குகிறதே, யார் மாமா அந்த வேலையைச் செய்தது என்று கேட்டாள். நீங்கள் கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டீர்கள். நானும் பயந்துபோய், தை பிறப்பதற்குள் இவளுக்கு ஓர் இடம் அமையவில்லை என்றால் நீங்கள் காட்டின பையனுக்கே முடித்துவிடலாம் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் உட்காராமல் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள் மச்சான்.

அதற்கப்புறம் நாங்கள் ஏறாத படி இல்லை. மோட்டார் காயில் கட்டுகிற கடையில் பையன்தான் வேண்டும் என்றார்கள், ஒர்க்‌ஷாப்பில் டீ வாங்கி வருவதற்கு மட்டும் ஆள் வேண்டும் என்றார்கள், கடைசியில் அவளே போனில் எதையோ தட்டித் தட்டி எழுதிப் போட, காஞ்சிபுரத்தில் லிப்ட் மாட்டுகிற கம்பெனி ஒன்று அப்ரண்டிஸ் வேலைக்கு நேரில் வரச் சொன்னது. துணைக்குப் போன என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன், ஆனால் கதவு திறந்திருந்தது. ஆல்பர்ட் என்கிற சூப்பர்வைசர், உயரம் என்றால் பயமா என்று அவளைக் கேட்டது என் காதிலும் விழுந்து தொலைத்தது. நான் எழுந்து உள்ளே போய், "ஊர்த் தண்ணி டேங்க் மேல நின்னுக்கினு பல்பு மாட்டுவா சார், நான்தான் கீய நின்னு கண்ண மூடிக்குவேன்" என்று சொல்லிவிட்டேன். அந்த மனுஷன் என் தோளில் கையைப் போட்டு, மரியாதையாகவே, கேட் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். அப்படியும் அவளை எடுத்துக்கொண்டார்கள் என்றால் அவள் திறமை எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் மூன்று மாதம் பார்ப்போம், வேலையில் சுத்தம் இல்லையென்றால் அனுப்பிவிடுவோம் என்றும் சொல்லிவிட்டார்கள். அந்த மூன்று மாதம் முடிவதும் தை பிறப்பதும் ஒன்றாக வந்து தொலைத்தது.

கம்பெனியில் கொடுத்த ஹெல்மெட்டையும், மூக்கில் இரும்பு வைத்த ஷூவையும் உங்கள் தங்கை சாமி படத்துக்குக் கீழே வைத்துக் கற்பூரம் காட்டினாள். தெருவே வந்து பார்த்தது. உயரத்தில் வேலை செய்யும்போது விழாமல் இருக்க இடுப்பில் மாட்டுகிற பெல்ட்டை அவள் தூங்கும்போது நான் எடுத்து மாட்டிக்கொண்டு, நடவுக்காகச் சேற்றில் சேடை ஓட்டப் போனேன், கொக்கி ஸ்டியரிங்கில் மாட்டிக்கொண்டு டிராக்டர் பக்கத்துக் கழனிக்குள் இறங்கிவிட்டது, முதலாளி என்னைத் திட்டினதை இங்கே எழுத முடியாது. இருந்தாலும் உத்திரமேரூரில் எந்த டிராக்டர் டிரைவர் அப்படி ஒரு பெல்ட்டைப் போட்டிருக்கிறான், சொல்லுங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அவளை எங்கே வேலைக்குப் போட்டார்கள் தெரியுமா? காஞ்சிபுரத்தில் புதிதாகக் கட்டின ஒரு கல்யாண மண்டபத்தில். நீங்கள் மண்டபத்துக்கு அனுப்பச் சொன்னீர்கள், அனுப்பிவிட்டேன். கீழேயிருந்து மூன்றாவது மாடி சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற லிப்ட். அதன் கதவு வேலையை முழுக்க அவள் கையில் விட்டுவிட்டு ஆல்பர்ட் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டாராம். போன வாரம் அதை ஓட்டிக் காட்டி மண்டபக்காரரிடம் ஒப்படைக்கிற நாள். நதியா என்னை வரவே கூடாது என்றாள். நான் போனேன். முதலாளி எந்த வண்டி புதுசாக எடுத்தாலும் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி வெளியே எடுக்கிறவன் இந்தப் பஞ்சாட்சரம், பெற்ற பெண்ணின் வண்டி மட்டும் திருஷ்டி கழிக்காமல் கிளம்புவதா? மடியில் பழத்தை வைத்துக்கொண்டு, லிப்டுக்குச் சக்கரம் எங்கே இருக்கும் என்று பஸ் மாகறல் ஊரைத் தாண்டியும் யோசித்துக்கொண்டே போனேன். அங்கே போய்ப் பார்த்தால் சக்கரமே இல்லை. தரையில் கதவு ஓடுகிற பள்ளம் ஒன்றுதான் இருந்தது. எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். முழுப் பழம் அதில் இறங்கவில்லை, அறுத்துக் குங்குமம் தடவி, கட்டைவிரலால் நன்றாக அழுத்தி உள்ளே திணித்துவிட்டு, கும்பிட்டுக்கொண்டு தூணோரம் நின்றேன்.

மண்டபக்காரர் புருஷோத்தமன் குடும்பத்தோடு வந்தார். ஆல்பர்ட் பட்டனை அமுக்கினார். கதவு வந்தது, பாதியில் நின்றது, திரும்பப் போய்விட்டது. மறுபடியும் வந்தது, மறுபடியும் போனது. யார் இந்தக் கதவை மாட்டினது என்று மண்டபக்காரர் கேட்டார். ஆல்பர்ட் நதியாவைப் பார்த்தார். அந்த மாப்பிள்ளை போட்டோ, தொங்குகிற ஒயரோடு சேர்ந்து என் கண்முன்னால் வந்து நின்றது. என் பெண்ணின் வேலையில் நானே மண்ணைப் போட்டுவிட்டேனே என்று அழுகையே வந்துவிட்டது.

அவள் பதறவில்லை மச்சான். முட்டி போட்டு உட்கார்ந்து, டார்ச் அடித்துப் பார்த்து, ஸ்குரூ டிரைவரால் தோண்டி எடுத்தாள். குங்குமத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. திரும்பிப் பார்த்தாள், தூணுக்குப் பின்னால் என்னைக் கண்டுபிடித்தாள். சொல்லாதே என்று ஜாடை காட்டினேன். அவள் எழுந்து நின்று, "சார், இது எங்க நைனா வெச்ச எலுமிச்சம்பழம். தோ, தூணாண்ட நிக்கிறாரு" என்றாள்.

மண்டபமே என்னைப் பார்த்தது. பெத்த அப்பனைக் காட்டிக்கொடுத்தாள், நாக்கு குழறாமல். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு, ஆனாலும் நெஞ்சு என்னவோ நிமிர்ந்துகொண்டது. அதோடு அவள் நிறுத்தவில்லை. "ஆனா கதவு தப்பு பண்ணல சார். நடுவுல எதுனா மாட்டுனா மூடக் கூடாது, மூடல. கதவு மூடாம லிப்ட் பொட்டி நகரக் கூடாது, நகரல. கல்யாணத்துல ஒரு கொழந்த கைய வெச்சிருந்தாலும் இப்டித்தான் திரும்பிப் போயிருக்கும்" என்றாள். மண்டபக்காரர் நம்பாமல் தன் கையையே நடுவில் நீட்டிப் பார்த்தார். கதவு கையைத் தொட்டதும் திரும்பிப் போய்விட்டது. மனுஷன் வாய்விட்டுச் சிரித்தார். அவள் பள்ளத்தைத் துடைத்துச் சுத்தம் செய்த பிறகு, லிப்ட் சத்தமே இல்லாமல் மேலே போனது. ஆல்பர்ட் அவளிடம், "மூணு மாசம்லாம் பாக்க வேணாம் நதியா, வருசம் முழுக்க நீ எங்ககூடத்தான் இருக்கற. ஆனா உங்க நைனா உள்ள வந்தா நான் வேலைய வுட்டுட்டுப் போய்டுவேன்" என்றார்.

பிறகு மண்டபக்காரர் என்னையே கூப்பிட்டு, நீங்களும் ஏறிப் பாருங்கள் என்றார். ராஜா மாதிரி ஏறினேன். கம்பியைக்கூடத் தொடவில்லை. மேலே போய்ச் சாப்பாட்டுக் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு அதே லிப்டில் கீழே இறங்கி வந்தேன். நம்பிக்கை என்றால் இதுதான் மச்சான், உங்களுக்கு என் பெண் மேல் இல்லாமல் போனது. ஆகவே அந்த மாப்பிள்ளை போட்டோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்த ஒயரையும் சரி பண்ணச் சொல்லுங்கள். நீங்கள் வந்து பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. நம்பாதவர்கள் ஏறுவதற்காக அவள் அதை மாட்டவில்லை.

அக்காவுக்கு என் கும்பிடு. பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் நன்றாகப் படிக்கட்டும். உங்கள் மில் பெல்ட் அறுந்து போகாமல் ஓடட்டும்.

இப்படிக்கு,
லிப்ட் அப்ரண்டிஸ் நதியாவின் நைனா
பஞ்சாட்சரம்

பின்குறிப்பு: நான் போஸ்ட் பண்ணிவிடுகிறேன் என்று கடுதாசியை வாங்கின நதியா படித்துவிட்டாள். உண்மையை எழுதினால்தான் பெட்டியில் போடுவாளாம். எழுதுகிறேன். மண்டபக்காரர் கூப்பிட்டது நிஜம். நான் லிப்டில் ஏறவில்லை. உள்ளே ஒரு காலை வைத்தேன், தரை லேசாக அசைந்தது, எடுத்துவிட்டேன். மூன்று மாடியும் படியில்தான் ஏறினேன். மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தால், அவள் மேலே லிப்ட் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு எனக்காக நின்றிருந்தாள். லிப்டை வெறுமனே கீழே அனுப்பிவிட்டு, அந்த இரும்பு ஷூவோடு என்கூடவே படியில் இறங்கி வந்தாள். அவள் வேலையை நம்பாமல் இல்லை மச்சான், எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். துப்பட்டா மாட்டும் என்று நீங்கள் சொன்னதும் இப்படிப்பட்ட பயம்தானோ என்னவோ. அதனால் நீங்கள் வந்து பார்க்க வேண்டாம் என்று முன்னால் எழுதினதை அடித்ததாக வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் மண்டபத்துக்கு வாருங்கள். நீங்கள் பக்கத்தில் நின்றால் நான் ஏறிவிடுவேன். ரெண்டு பேரும் கையைப் பிடிச்சிக்கினு ஏறலாம், பட்டனை அவள் அமுக்குவாள். பழம் எதுவும் கொண்டு வராதீர்கள், வாசலில் பையைப் பார்த்துத்தான் விடுவாளாம். மேலே போய்ச் சேர்ந்ததும் நம் ரெண்டு பேரையும் அவள் போட்டோ எடுப்பாள். அதை உங்களுக்கு அனுப்ப வேண்டும், என்னை பிளாக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.