மாமா கை வீங்கிய கதை

சுகாதார ஊழியர் பயிற்சியில் நான் முழுசாகத் தூங்கியது ஒரே ஒரு மதியம்தான். (மற்ற நாட்களில் அரைத் தூக்கம். அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.) அன்று விடுதியில் கறிக்குழம்பு. வகுப்பில் காசநோய்க்கான தோல் பரிசோதனை. முன்கையில் ஊசி போட்டு, மூன்றாம் நாள் அந்த இடம் எவ்வளவு தடித்திருக்கிறது என்று அளக்க வேண்டும், பெரிதாகத் தடித்திருந்தால் கிருமி உடம்புக்குள் போயிருக்கலாம் என்பது வரை கவனமாகக் கேட்டேன். "ஆனால், தடுப்பூசி போட்டவர்களைப் பொறுத்தவரை..." என்று ஆசிரியர் ஆரம்பித்தபோது கறிக்குழம்பு தன் வேலையைக் காட்டிவிட்டது. அந்த 'ஆனால்' எனக்குத் தெரியாமல் போனதில் என் மாமாவின் பிழைப்பில் மண் விழப் பார்த்தது.

அது எழுபதுகளின் கடைசி. சுங்குவார்சத்திரம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் எனக்கு வேலை. ஊர் பஸ் நிறுத்தத்தில் என் தாய்மாமாவுக்கு டீக்கடை. அவர் மகள் மல்லிகாவை எனக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். அரசாங்க வேலை, வரப்போகும் மாப்பிள்ளை என்று இரண்டு கொம்பும் முளைத்து நான் அலைந்த காலம் அது. சட்டைப் பையில் ஒரு கண்ணாடி ஸ்கேல் எப்போதும் வெளியே தெரியும்படி இருக்கும். டீ குடிக்க ஸ்கேல் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் மூட்டை தூக்கும் ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்தது. அவர் சாப்பிட்டதும் படுத்ததும் மாமா கடை பெஞ்சில். அதனால் மாமாவுக்கும் அந்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றார் எங்கள் டாக்டரம்மா.

"ஊசியைப் போடு. மூணாம் நாள் அளந்துட்டு வந்து என்கிட்ட சொல்லு. அவர்கிட்ட ஒண்ணும் சொல்லாதே."

ஊசியைப் போட்டேன். அதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

மாமாவுக்கு நினைவில் நின்ற ஊசி அம்மை குத்துவதுதான். குத்திய இடம் நன்றாக எழும்பினால்தான் ஊசி பலித்தது, எழும்பாவிட்டால் மறுபடி குத்துவார்கள் என்பது அவர் அனுபவம். அதனால் மனுஷன் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு அந்த இடத்தைத் தேய்த்துத் தேய்த்து வளர்த்திருக்கிறார். மூன்றாம் நாள் காலை, காஞ்சிபுரம் பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டம் கடை முழுக்க. என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார்.

"பாரு மாப்ள! எப்டி எடுத்துகினு கீது பாரு! இன்னா சொல்ற?"

அதற்கு முன்பே கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் காட்டி முடித்திருந்தார் போலிருக்கிறது. எல்லோரும் என் தீர்ப்புக்காகக் காத்திருந்தார்கள். இப்படி ஒரு சபை அமைந்தால் நான் சும்மா இருப்பேனா? ஸ்கேலை எடுத்தேன். தடிப்பை விட்டுவிட்டு, அவர் தேய்த்துச் சிவக்க வைத்த இடம் முழுவதையும் அளந்தேன். நெற்றியைச் சுருக்கினேன்.

"மாமா, உங்களுக்கு டி.பி."

குரலையாவது தாழ்த்தியிருக்கலாம். பஜ்ஜியைக் கடித்த ஒருவர் மெல்லுவதா துப்புவதா என்று தெரியாமல் அப்படியே நின்றார். டம்ளர்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. பிறகு எல்லோரும் வராத பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள்.

"இன்னாடா சொல்ற? எனக்கு இருமலே கெடையாதேடா!"

"அதெல்லாம் போகப் போக வரும் மாமா" என்று ஆறுதல் சொன்னேன்.

விஷயம் தெரிந்ததும் டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மாமாவைச் சளிப் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேவுக்கும் அனுப்பிவிட்டு, என் பக்கம் திரும்பி, "கையை நீட்டு" என்றார். அதே ஊசியை எனக்கும் போட்டார். ஏன் என்று சொல்லவில்லை. கேட்கும் தைரியமும் எனக்கு இல்லை.

மறுநாள் மாமா வீட்டு வாசலில் மல்லிகா என்னை மறித்தாள்.

"எங்கப்பா அடுப்பே பத்த வெக்கல. காச்சின பாலை எல்லாம் நாய்க்கு ஊத்திட்டாரு. சோறும் வாணான்றாரு. வூட்ல படுத்தே கீறாரு. உங்களுக்கு இப்ப சந்தோசமா?"

கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயத்தை விட, இந்தக் கடையை நான் கொன்றுவிட்டேன் என்ற எண்ணம்தான் பெரிதாக இருந்தது. தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருந்த இன்னொரு டீக்கடையில் அன்று உட்கார இடமில்லை.

இதற்கு நடுவில் என் கையும் தடிக்க ஆரம்பித்தது. தொட்டுப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. அவ்வளவுதான், முடிந்தது கதை என்று நினைத்தேன். சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டேன். எனக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துக்கொண்டேன். அம்மா காரணம் கேட்டதற்கு, "யாரும் யாருக்கும் நிரந்தரம் இல்லம்மா" என்றேன். அம்மா கரண்டியோடு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மூன்றாம் நாள் டாக்டரம்மா நேராக டீக்கடைக்கே வந்தார். மாமாவையும் மல்லிகாவையும் வரவழைத்தார். எதிர்க்கடைக் கூட்டம் டம்ளரோடு வேடிக்கை பார்த்தது.

"சளியில கிருமி இல்லை. எக்ஸ்ரேயும் சுத்தம். இவருக்கு நோய் இல்லை" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

எதிர்க்கடையிலிருந்து ஒரு லாரி டிரைவர் கேட்டார், "அப்ப கை ஏன் அப்டி வீங்கிச்சி?"

மாமாவின் கண் என் முழுக்கைச் சட்டை மேல் விழுந்தது.

"டேய், மொதல்ல உன் கைய காட்டுறா."

நான் கையைப் பின்னால் மறைத்தேன். மல்லிகா வந்து பிடித்து இழுத்துச் சட்டையைச் சுருட்டினாள். டாக்டரம்மா என் பையிலிருந்த ஸ்கேலையே எடுத்து, விரலால் தடிப்பின் ஓரத்தைத் தடவிப் பார்த்து அளந்தார்.

"மாமாவை விட உனக்குத்தான் பெருசு."

நான் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். "டாக்டர்... அப்ப எனக்கு எவ்வளவு நாள்?" என்று கேட்டபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் எதிர்க்கடைக்குக் கேட்டிருக்கிறது. தெருவே சிரித்தது. சோறு தண்ணி இல்லாமல் கிடந்த மாமாவும் சிரித்தார்.

டாக்டரம்மா எங்கள் இருவர் தோளையும் காட்டச் சொன்னார். இரண்டிலும் வட்டமாகத் தழும்பு.

"இது பி.சி.ஜி. தடுப்பூசி போட்ட தழும்பு. இது போட்டவங்களுக்கு இப்ப போட்ட ஊசி தடிக்கலாம். எப்பவோ கிருமி உள்ள போயிருந்தாலும் தடிக்கலாம். ரெண்டுல எதுன்னு அந்த ஊசி பிரிச்சுச் சொல்லாது. தடிப்பை மட்டும் பாத்து நோய்னு முடிவு பண்ணவே கூடாது. அதுக்குத்தான் இருமல், காய்ச்சல், எடை, சளி, எக்ஸ்ரே எல்லாம் பாக்கறது. இருமல் வந்தா ரெண்டு பேருமே என்கிட்ட வாங்க." பிறகு மாமாவிடம் திரும்பினார். "ஒரு டீ போடுங்க."

மாமா அடுப்பைப் பற்ற வைத்தார். டாக்டரம்மா நடுக்கடையில் நின்று ஊதி ஊதிக் குடித்தார். முதலில் தெருவைக் கடந்து வந்தது அந்த லாரி டிரைவர்தான். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். கூட்டம் சேர்ந்த பிறகு மாமா எனக்கும் ஒரு டம்ளரை நீட்டினார்.

"இந்தா, குடிச்சித் தொல."

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. ஆனால் அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் நான் எதைப் பற்றியும் தீர்ப்புச் சொல்ல முடியாது. சாம்பாரில் உப்பு கம்மி என்றாலும், பேத்தி பார்த்து வைத்திருக்கும் பையன் சரியில்லை என்றாலும், "மொதல்ல உன் கைய காட்டு" என்று ஒரு குரல் வந்துவிடும். மாமா போய்ச் சேர்ந்த பிறகும் அந்தக் குரல் நிற்கவில்லை.

போன வருஷம் எனக்கு விடாத இருமல். ஒரு இளம் டாக்டர் என் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து நெற்றியைச் சுருக்கினார். நுரையீரலில் ஏதோ நிழல் தெரிகிறது, பெரிய வியாதியாகக்கூட இருக்கலாம் என்று இழுத்தார். மல்லிகா என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவரிடம் சொன்னாள்:

"தம்பி, மொதல்ல உங்க கைய காட்டுங்க."

அவர் ஒன்றும் புரியாமல் இரண்டு கைகளையும் நீட்டினார். நான் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். மல்லிகா மட்டும் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தக் கைகளை நிஜமாகவே பார்த்தாள்.