கால் யானை வாத்தியார்

தூக்குக்குண்டு மேஸ்திரியைப் போல நேரான மனிதர் அரியலூரில் அவருக்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை. கழுத்தில் எந்நேரமும் சுவரின் நேர் பார்க்கும் தூக்குக்குண்டு நூலில் தொங்கும். சுவருக்கு மட்டுமல்ல, எதிரில் நிற்கிற ஆளுக்கும் நூல் பிடிப்பார். "சார், ரெண்டு அங்குலம் சாஞ்சு நிக்கிறீங்க" என்று என்னிடமே சொன்னார். உடையார்பாளையத்துக் கல்யாணம் ஒன்றில், "மாப்ளைக்கு வலது தோள் எறங்கியிருக்குங்க" என்றார். பாவம், மாப்பிள்ளை தோளைத் தூக்கிக்கொண்டே தாலி கட்டினார்.

அது யுத்த காலம். சிமெண்ட் கிடைக்காததால் எங்கள் பள்ளிக்கூட முகப்பைச் சுண்ணாம்பிலேயே கட்டினார். வாசலுக்கு மேல் சரஸ்வதியை வைக்கச் சொல்லியிருந்தார்கள். அவர் வைத்தது நெம்புகோல்! ஒரு முனையில் யானை. மறுமுனையை ஒரு பொடியன் அழுத்த, யானை ஜம்மென்று மேலே நிற்கிறது.

நான் அங்கே சயன்ஸ் வாத்தியார். நெம்புகோலை ஒரு மாதம் தொண்டை கிழியக் கத்தியும் எவனுக்கும் புரியவில்லை. யானையைப் பார்த்ததும் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது.

இன்ஸ்பெக்டர் வந்தார். பையன்கள் படபடவென்று பதில் சொன்னார்கள்.

"யாருப்பா சொல்லிக் குடுத்தது?"

"மேஸ்திரிங்க சார்!"

"அப்ப நீங்க எதுக்கு இருக்கீங்க?" என்று என்னைக் கேட்டார். அடுத்த மாதம் மறுபடி வருவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். வேலை போய்விடும் என்றே நினைத்தேன்.

அன்று சாயங்காலமே ஏணி வைத்து ஏறி அளந்தேன். சிக்கியது தப்பு! யானைப் பக்கம் ஒரு முழம், பையன் பக்கம் நாலு முழம்.

"மேஸ்திரி, இந்தக் கணக்குக்குப் பையன் கால் யானை எடை இருக்கணும், தெரியுமா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

அவர் குண்டைத் தடவிக்கொண்டு யோசித்தார். "கோலை நீட்டுனா செவுரு பத்தாதுங்களே சார்." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

நாலு நாள் அங்கே சாக்குத் திரை தொங்கியது. விலக்கினால் பையனைக் காணோம். அந்த இடத்தில் என் தலைப்பாகை, என் மூக்குக்கண்ணாடி, என் தொப்பை!

"கால் யானைக்கு நம்ம பள்ளிக்கூடத்துல வேற ஆளு இல்லீங்க சார்."

ஊரே சிரித்தது. ஒரு வாரம் அவரோடு நான் பேசவில்லை.

இன்ஸ்பெக்டர் மறுபடி வந்து அதையே கேட்டார். பையன்கள் வாசலுக்கு மேலே கை காட்டினார்கள். "எங்க சார்தாங்க! யானையவே தூக்கிட்டாரு!"

என் வேலை தப்பியது. கீழே மணல் சலித்துக்கொண்டிருந்த மேஸ்திரி தலை நிமிரவே இல்லை.

மேஸ்திரி போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. கம்பூன்றிக்கொண்டு அந்த வாசலுக்குப் போகிறேன். பொறாமை இன்னும் விடவில்லை. இப்போது அந்தப் பொம்மையின் மேல். அவர் நூல் பிடித்து நிறுத்திய ஆள், இன்றும் நேராக நிற்கிறான். நான் ரெண்டு அங்குலத்துக்கும் மேலேயே சாய்ந்துவிட்டேன். அதைச் சொல்ல அவர் இல்லை.