தாம்பூலப் பைக்குத் தீ வைத்த ஆபீசர்

அரசாங்கம் ஒரு மனிதனுக்குச் சம்பளத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதிகாரத்தையும் கொடுத்தால் அவன் அதை முதலில் சொந்தக்காரர்களிடம்தான் காட்டுவான். நான் காட்டினேன்.

நீலகிரியில் பிளாஸ்டிக்குக்குத் தடை. நான் புதிதாகச் சேர்ந்த சுகாதார ஆய்வாளர். சோதனைச் சாவடியில் சுற்றுலா வருபவர்களிடம் தண்ணீர் பாட்டில்களைப் பிடுங்குவேன். (பிடுங்கியதை என்ன செய்வதென்று உத்தரவில் இல்லை. எங்கள் மேலதிகாரி குடித்துவிடுவார்.) துணி மாதிரியே இருக்கும் பிளாஸ்டிக் பைகளுக்கும் தடை உண்டு. அதைக் கண்டுபிடிக்கப் பயிற்சியில் ஒரு வழி சொன்னார்கள்: ஒரு நூலை உருவிக் கொளுத்து. உருகினால் பிளாஸ்டிக், சாம்பலானால் துணி.

அந்தச் சமயத்தில் கோத்தகிரியில் பெரியப்பா மகள் கவிதாவுக்குக் கல்யாணம். மண்டப வாசலில் மணமக்கள் பெயர் போட்ட தாம்பூலப் பைகள் பளபளவென்று அடுக்கியிருந்தன. மாப்பிள்ளையின் அப்பா ஒன்றை எடுத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குள் இருந்த அரசாங்கம் விழித்துக்கொண்டது.

"பெரியப்பா, இதெல்லாம் தடை பண்ணுன பைங்க. பறிமுதல் பண்ணோணும்."

"துணிதான் சாமி. உனக்குச் சங்கடம் வரக்கூடாதுன்னே திருப்பூர்ல சொல்லித் தெச்சது."

"எல்லாரும் இப்படித்தானுங்க சொல்றாங்க" என்று சம்பந்தி கையிலிருந்த பைக்கே லைட்டரைக் காட்டினேன். நூலை உருவ வேண்டும் என்பது மறந்துபோயிற்று.

பை நேர்மையாக எரிந்தது. முதலில் கவிதாவின் பெயர், அப்புறம் மாப்பிள்ளையின் பெயர். அடி பிய்ந்து, உள்ளே இருந்த தேங்காய் சம்பந்தியின் கால் கட்டைவிரலில் இறங்கியது. "தாலி கட்டறதுக்கு முன்னாடியே பேரைக் கொளுத்திப்போட்டானே!" என்று மாப்பிள்ளையின் அத்தை அலற, மேளம் நின்றது. யாரோ ஒரு வாளி ரசத்தை ஊற்றி அணைத்தார்கள், என்னையும் சேர்த்து. மாப்பிள்ளை வீட்டார் பாதிப் பேர் வேனில் ஏறிவிட்டார்கள். பெரியப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மாலையோடு கவிதா வெளியே வந்தாள். "மாமா, எரிஞ்சது பைதானுங்க. இவனை எரிக்கறதுன்னா சொல்லுங்க, நானே சீமெண்ணெய் கொண்டாறேன்."

சம்பந்தி விரலைப் பிடித்தபடியே சிரித்துவிட்டார். தாலி ஏறியது.

விஷயம் அலுவலகத்துக்கும் போயிற்று. மேலதிகாரி கோபப்படவில்லை. "ஒரு பை குறைஞ்சுதில்ல?" என்று அதைக் கழிவுக் குறைப்புக் கணக்கில் சேர்த்து மேலே அனுப்பினார்.

இன்றும் எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷமானாலும் எல்லோருக்கும் பை உண்டு. எனக்கு மட்டும் வெறுங்கையில்தான் தாம்பூலம். "ஏனுங்க ஆபீசர், வேணும்னா பத்தவெச்சுப் பாத்துக்குங்க" என்று கவிதாவின் மாமனார் மரியாதையாக நீட்டுவார். குன்னூர் பஸ்ஸில் ஒரு கையில் கம்பியும் மறு கையில் தேங்காயுமாக, வெற்றிலையைப் பல்லில் கவ்விக்கொண்டு ஊர் திரும்புகிறேன்.