உன் மாமா வாசித்த படங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என்னைக் கட்டிய புண்ணியவான், உன் மாமா, சௌக்கியம். அவர் இவ்வளவு சௌக்கியமாக இருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு உன் வீட்டுக்கு வருகிறேன், இனி அங்கேதான். மாடி அறையை ஒழித்து வை. நாத்தனார் பெட்டியோடு வந்து இறங்கினால் எந்த வீட்டிலும் முகம் மலராது என்று எனக்கும் தெரியும், உன் வீட்டுக்காரியிடம் நீயே பக்குவமாகச் சொல். எழுத்து பெரிது பெரிதாக இருப்பதைப் பார்த்து, உன்மேல் கோபம் என்று நினைக்காதே. கண்ணில் புரை. சர்க்கரை இறங்கட்டும், அப்புறம் ஆபரேஷன் செய்யலாம் என்கிறார் டாக்டர். சர்க்கரையோ இறங்குவேனா என்று உட்கார்ந்திருக்கிறது.

நடந்ததைக் கேள். உன் மாமா ஓய்வு பெற்றாரே, மற்ற மனுஷர்களைப் போல ஒரு செடி நட்டாரா, காலையில் நடக்கப் போனாரா? எங்கள் தெரு முனையில் சலவைக் கடைக்கு மேலே ஒரு குட்டித் தியேட்டர் இருக்கிறது. அறுபது நாற்காலி இருந்தால் அதிகம், அதில் பாதி நாற்காலி நாம் உட்கார்ந்தாலே முனகும். அங்கே நமக்குத் தெரிந்த படம் எதுவும் போட மாட்டார்கள். எந்தெந்த நாட்டிலோ, யார் யாரோ கைக்காசைப் போட்டு எடுத்த படங்கள். பாட்டு இல்லை, சண்டை இல்லை, இடைவேளைகூட இல்லை. என் வயதுக்காரிக்கு இடைவேளை எவ்வளவு முக்கியம் என்று அந்த டைரக்டர்களுக்கு யார் போய்ச் சொல்வது? ஒரு படத்தில் ஒருவன் சட்டைக்குப் பொத்தான் தைத்தான். நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்தேன், அப்போதும் இரண்டாவது பொத்தானில்தான் இருந்தான். வயதானவர்களுக்குச் சலுகை அட்டை கொடுத்தார்கள் என்று, வெள்ளிக்கிழமைதோறும் என்னை இழுத்துக்கொண்டு போக ஆரம்பித்துவிட்டார்.

அவர்கள் பேசுவது நமக்குப் புரியாது, கீழே எழுத்து ஓடும். என் கண்ணுக்கு அது எறும்பு ஊர்வது மாதிரிதான். அதனால் கடைசி வரிசை ஓரத்தில் உட்கார்ந்து, உன் மாமா வாசித்து வாசித்து என் காதில் கிசுகிசுப்பார். மனுஷன் எனக்காக இப்படி மூச்சு வாங்குகிறாரே என்று ஒரு வருஷமாக நான் உருகிப்போயிருந்தேன். சந்தேகம் வராமல் இல்லை. ஒரு ஆலைப் படம். வாசலில் பூட்டுத் தொங்குகிறது, தொழிலாளிகள் எல்லோரும் குலுங்கிக் குலுங்கி அழுகிறார்கள்.

"என்னங்க, இப்படி அழறாங்க?"

"சந்தோஷம். பேச்சுவார்த்தை முடிஞ்சிடுச்சு, போனஸ் குடுத்துட்டாங்க."

"அப்புறம் எதுக்குப் பூட்டு?"

"இன்னிக்கு லீவு விட்டுட்டாங்க."

இன்னொரு படத்தில் அண்ணனும் தம்பியும் ஒரு படகுக்காகக் கத்தியைத் தூக்கினார்கள், கடைசியில் ஒருவன் பனியில் தனியாக நடந்துபோனான், அத்தோடு படம் முடிந்துவிட்டது. "படகு ரெண்டு பேருக்கும் பொதுன்னு முடிவாயிடுச்சு. இவன் சும்மா காலாற நடக்கிறான்" என்றார். நானும் நிம்மதியாக வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டாமா தம்பி? முப்பது வருஷம் தொழிலாளர் அலுவலகத்தில் சமரச அதிகாரியாக இருந்தவர். முதலாளி கத்தியதைப் பாதியாக்கித் தொழிலாளியிடம் சொல்லி, தொழிலாளி திட்டியதை இனிப்பாக்கி முதலாளியிடம் சொல்லி, இரண்டு பேரையும் கைகுலுக்க வைத்துத்தானே சம்பளம் வாங்கினார்! பென்ஷன் வந்த பிறகும் அந்த வேலையை விடவில்லை, அவ்வளவுதான்.

போன வெள்ளிக்கிழமை ஒரு புருஷன் பெண்டாட்டி படம். அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மூச்சு விடாமல் பேசினாள். உன் மாமா வாயே திறக்கவில்லை. முழங்கையால் இடித்தேன்.

"என்னங்க சொல்றா?"

"தம்பி வீட்டுக்குப் போயிட்டு வரேங்கிறா. நாலு நாள்ல வந்துடுவாளாம்."

"அதுக்கா இவ்வளவு நேரம்?"

"ஃப்ரிட்ஜ்ல என்னென்ன வச்சிருக்கேன்னு சொல்றா."

"கதவை இப்படி அறைஞ்சு சாத்துறாளே?"

"காத்து."

அன்றைக்கென்று பார்த்து, படம் முடிந்ததும் கலந்துரையாடல் வைத்துவிட்டார்கள். ஒரு தாடிக்காரர் மைக்கோடு வந்து, யாராவது கருத்துச் சொல்லுங்கள் என்று கெஞ்சினார். ஒரு ஈ காக்கை அசையவில்லை. எனக்குத்தான் பாவமாக இருந்தது, எழுந்துவிட்டேன். "படம் ரொம்ப நல்லா இருந்துச்சு. நானும் தம்பி வீட்டுக்குப் போறப்போ ஃப்ரிட்ஜ்ல எல்லாம் எடுத்து வச்சுச் சொல்லிட்டுத்தான் போவேன். நாலு நாள் பிரிஞ்சு இருந்தா பாசம் கூடும்னு அழகாக் காட்டியிருக்காங்க" என்றேன். டிக்கெட் கொடுக்கிற பெண் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அவ திரும்பி வரலம்மா. இத்தனை வருஷமா என் பேச்சை நீ காது குடுத்தே கேட்கலைன்னு சொல்லிட்டு ஒரேயடியாப் போயிட்டா" என்றாள். தாடிக்காரர் விடவில்லை. "இல்ல இல்ல, இது ரொம்ப ஆழமான பார்வை" என்று கைதட்டினார். எல்லோரும் சேர்ந்து தட்டினார்கள். அந்தக் கைதட்டலில் என் மானம் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து பிடித்துக்கொண்டேன். உன் மாமா செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆலையை இழுத்து மூடினதையே உன்கிட்ட சொல்ல மனசு வரல. நீ மூக்கை உறிஞ்சிட்டு இருந்த."

"சரி, இவ போனதைச் சொல்லியிருக்கலாம்ல?"

"ஒருத்தி புருஷனை விட்டுட்டுப் போறான்னு, பக்கத்துல உக்காந்திருக்கிற உன்கிட்ட நானே எப்படிச் சொல்றது?"

அரை நிமிஷம் மனசு இளகியது, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் ஆத்திரம்தான் வந்தது. நான் என்ன கைக்குழந்தையா? அழ வேண்டிய இடத்தில் அழக்கூட எனக்கு உரிமை இல்லையா? இன்னொன்றும் நினைத்துப் பார்த்தேன், வயிறு எரிகிறது. என் மாமியார் என் சமையலைப் புகழ்ந்ததாக இத்தனை வருஷமாக என்னிடம் வந்து சொன்னது யார்? இவர்தானே! கட்டிய பெண்டாட்டியிடம் உள்ளதை உள்ளபடி சொல்லாத மனுஷனோடு இனி ஒரு நாள்கூட என்னால் இருக்க முடியாது. பெட்டி கட்டியாகிவிட்டது. ஃப்ரிட்ஜில் ஒன்றும் எடுத்து வைக்கவில்லை.

உனக்கும் உன் வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். இந்த முகவரியிலிருந்து வருகிற கடைசி ஆசி இதுதான், பத்திரமாக வைத்துக்கொள்.

இப்படிக்கு,
மனம் வெறுத்த உன் அக்கா

பி.கு.: எழுதியது படிக்கிற மாதிரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. என் எழுத்து எனக்கே தெரியவில்லை. அவர் செய்ததை அவரே வாயால் சொல்லட்டும் என்று உன் மாமாவிடமே நீட்டி, "சத்தமா வாசிங்க" என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு தடங்கல் இல்லாமல் வாசித்தார்: "அன்புள்ள தம்பிக்கு, அக்கா எழுதுவது. இங்கே நாங்க ரெண்டு பேரும் சௌக்கியம். ஞாயித்துக்கிழமை உன் வீட்டுக்கு வரேன். நாலு நாள் இருந்துட்டு, வெள்ளிக்கிழமை படத்துக்குத் திரும்பிடுவேன். உன் மாமா செஞ்சது பெரிய தப்பு. இனிமே என்ன எழுதியிருக்கோ அதையே வாசிக்கிறேன்னு சொல்லியிருக்கார்." நான் எழுதிய ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெரியும். அவர் பார்வை காகிதத்தில் இல்லை, கட்டி வைத்த என் பெட்டிமேல் இருந்தது என்பதும் தெரிந்தது. முதல் தடவையாக, நடுவில் ஒரு கேள்விகூடக் கேட்காமல் கடைசிவரை கேட்டேன். தம்பி, மேலே உள்ளதை விட்டுவிடு, அவர் வாசித்ததுதான் கடிதம். மாடி அறையை ஒழிக்க வேண்டாம். நாலே நாள்தான் என்று உன் வீட்டுக்காரியிடம் சொல். அவள் அழுதால், சந்தோஷம் என்று எடுத்துக்கொள்கிறேன்.